என் வீடும் ஒடுக்கத்துப் புதனும்

வீடு விற்காமல் போனதற்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவள் காரைக்காலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த வருஷம் எல்லாரும் வீடு விற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் முழங்காலில் நின்றேன், கணவர் சொல்லிக்கொடுத்தபடி. பிறகு வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். ஐம்பத்து நாலாம் வருஷம், பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தைய சில மாதங்களில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் ஒரு பெருமூச்சு வருகிறது, அதற்குப் பிறகுதான் சிரிப்பு.

வீடு என் பெயரில் இருந்தது. என் அப்பா சைகோன் கப்பலில் பண்டாரி. கப்பல்காரர்களுக்குச் சோறு பொங்கிப் பொங்கிச் சேர்த்த காசில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை வாங்கினார். இரண்டு அறை, ஒரு கூடம், நடுவில் முற்றம், பின்னால் கிணறும் ஒரு முருங்கை மரமும். கடலுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். சுற்றிலும் இருக்கிற கிணறுகள் எல்லாம் துணி துவைக்கத்தான் லாயக்கு. எங்களுக்கு அடுத்த தெருவில் மரைக்காயர் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுடையது. என் அப்பாவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. என் கல்யாணத்துக்கு முதல் வாரம் நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிக் காப்பாற்றி வைக்கிற பிரெஞ்சு அதிகாரியிடம், என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "நகையாக் கொடுத்தா என்னைக்கோ ஒருநாள் கழட்டிக் கொடுத்துடுவே. வீட்டைக் கழட்ட முடியாதுல்ல?" என்றார். பாவம், என் கணவரை அவருக்குச் சரியாகத் தெரியாது.

என் கணவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது அப்படித் தோன்றாது. அவர் சைகோனில் பிறந்து அங்கேயே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இருபத்தாறு வயதில்தான் முதல் முறையாகக் காரைக்கால் மண்ணை மிதித்தார். எந்த நொத்தேரிடம் என் அப்பா பத்திரம் எழுதினாரோ அதே அலுவலகத்தில் அவருக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊரில் யார் வீடு யார் கைக்கு மாறினாலும் அந்தப் பத்திரம் அவர் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் எந்தத் தெருவில் எந்தச் சந்து பிரிகிறது என்று கேட்டால் என்னைத்தான் பார்ப்பார்.

மாதம் முடிந்ததும் அந்த மாதம் கைமாறிய வீடுகளின் பட்டியலை அவர் நகல் எடுத்துப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அது அலுவலக வேலை. அந்த வருஷம் அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு கப்பல் கம்பெனி கொடுத்த பெரிய பிரெஞ்சுக் காலண்டரைத் திருப்பிப் போட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். மாதத்துக்கு ஒரு கட்டம், வீட்டுக்கு ஒரு கோடு. ஓட்டு வீடானால் குட்டைக் கோடு, மாடி வீடானால் நெட்டைக் கோடு. முதல் தேதி சாயங்காலம் காபி குடித்துவிட்டுப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவார். எங்கள் ஊரிலேயே வீட்டுச் சந்தையைச் சுவரில் மாட்டி வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஜூன் மாதக் கட்டத்தில் கோடு நிறுத்த இடமில்லை. நோன்புப் பெருநாள் முடிந்திருந்தது. சைகோனிலிருந்து சண்டைக்குப் பயந்து திரும்பியவர்கள் கையில் பணத்தோடு வீடு தேடினார்கள். ஜூலையில் கோடுகள் குறைந்தன. ஆகஸ்டில் இன்னும் குறைந்தன. செப்டம்பரில் இரண்டே இரண்டு குட்டைக் கோடு நின்றது, அதுவும் ஒன்றோடொன்று பேசாத அண்ணன் தம்பி மாதிரி தள்ளித் தள்ளி.

அந்த நாட்களில் ஊரில் வேறு பேச்சே இல்லை. பிரெஞ்சுக்காரன் போகப்போகிறான், எப்போது என்பதுதான் கேள்வி. எல்லையில் கெடுபிடி. நாகப்பட்டினத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால்கூட மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. கொடி மாறினால் நம் பத்திரம் செல்லுமா, நம் காசு செல்லுமா, நம் படிப்பு செல்லுமா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். பதில் தெரிந்தவர் யாரும் இல்லாததால் என் கணவரிடம் வந்தார்கள். கடைத்தெருவில் அவரை நிறுத்தி, "இந்த மாசம் எத்தனை வீடு போச்சுங்க?" என்று கேட்பார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு" என்பார். கேட்டவர் முகம் தொங்கிப்போகும். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ஊரில் கெட்ட செய்தி முதலில் தெரிந்தவருக்கு வருகிற பெருமை.

அக்டோபர் இரண்டாம் வாரம் வரை கட்டம் வெள்ளையாகவே இருந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டை வித்துடலாம்" என்றார்.

நான் ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கேட்காத மாதிரி போய்விட்டேன். பின்னாலேயே வந்தார்.

"இந்தா, கோபப்படாம கேளு. நாலு மாசமா இறங்கிக்கிட்டே வருது. இந்த மாசம் ஒண்ணுகூட இல்லை. கொடி மாறிட்டா இந்த வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது. இப்ப ரொக்கமா ஆக்கிக்குவோம். பாண்டிச்சேரிக்குப் போய் வாடகைக்கு இருந்துக்கிட்டு, பிரான்ஸுக்குப் போறதா என்னன்னு பார்ப்போம்."

"என் அப்பா கொடுத்த வீடு" என்றேன்.

"உங்க அப்பா இருந்திருந்தா அவரே வித்திருப்பாரு. கோடு பொய் சொல்லாது."

எனக்கு அழுகை சட்டென்று வராது, கோபம்தான் வரும். அன்று கோபமும் வரவில்லை. பயம்தான் வந்தது. நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கினால் அடுத்தது என்ன என்று பிள்ளைகளைக் கேட்கிறவள். சுவரில் இருந்ததும் அதே கணக்காகத்தான் தெரிந்தது. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நாலாம் நாள், "என்னமோ செய்யுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

வாங்க ஆள் இல்லை என்று சொன்னவருக்கு ஆள் கிடைக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதையாவது நாங்கள் யோசித்திருக்க வேண்டும். அடுத்த தெரு மரைக்காயர் ஒருவர், ஜவுளிக் கடை வைத்திருந்தவர், தன் மகளுக்காக வீடு பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குத் தை மாத வாக்கில் கல்யாணம். என் கணவர் கேட்ட விலையைக் கேட்டு அவருக்கே சந்தேகம் வந்ததாம். "வீட்ல ஏதும் வில்லங்கம் இல்லீங்களே?" என்று மூன்று தரம் கேட்டாராம். ஜூன் மாதம் அந்த மாதிரி வீடு போன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கைகுலுக்கி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார் என் கணவர்.

"வீட்டம்மா வந்து பார்ப்பாங்களாம். அவங்க சரின்னா முடிஞ்சுது" என்றார்.

அவர்கள் வருகிற அன்று காலையில் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தால், ஸ்டூலில் ஏறி நின்று இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். என் அப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த படம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த இடத்தில்தான் இருந்தது.

"எதுக்குங்க?"

"அவங்க வேற மதம். வந்ததும் இதைப் பார்த்தா ஒரு மாதிரி இருக்கும். எப்படியும் கட்டி எடுத்துக்கிட்டுத்தானே போகணும்?"

படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, சதுரமாக, நடுவில் ஒரு ஆணியோடு நின்றது. கோடு போட்ட காலண்டர் மட்டும் பத்திரமாக எதிர்ச் சுவரில் இருந்தது. அதைக் கிழித்து அடுப்பில் போட்டால் என்ன என்று அன்றுதான் முதலில் தோன்றியது.

அந்த அம்மாள் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைத் துப்பட்டியை வாசலைத் தாண்டியதும் தோளுக்கு இறக்கிவிட்டு, வீட்டை நிதானமாகப் பார்த்தார். அறைகளைப் பார்த்தார், அடுப்படியில் புகை எப்படிப் போகிறது என்று கேட்டார். பிறகு நேரே கிணற்றடிக்குப் போனார். எங்கள் ஊரில் வீடு வாங்க வருகிற பெண்கள் சுவரைத் தட்டிப் பார்க்கமாட்டார்கள், தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். நான் ஒரு வாளி இறைத்துக் கொடுத்தேன். இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சீனி போட்ட மாதிரி இருக்குங்க" என்றார்.

"எங்க அப்பா இந்தக் கிணத்துக்காகத்தான் வாங்கினாரு, அக்கா."

"உங்க வாப்பா குடுத்த வூடா?"

தலையாட்டினேன். நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்த வாளிக் கயிற்றை அவர் பார்த்தார். கூடத்துக்கு வந்ததும் வெளுத்த சதுரத்தைப் பார்த்தார்.

"இங்க ஆணி இருக்கு, படம் எங்கங்க?"

நான் என் கணவரைப் பார்த்தேன், என் கணவர் தரையைப் பார்த்தார்.

"எங்களுக்காகவா கழட்டுனீங்க? அட, பக்கத்துத் தெருவுல யார் வூட்டுல என்ன படம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? மாட்டுங்கம்மா, மாட்டுங்க." கிளம்பும்போது சொன்னார். "இப்ப சபர் மாசம் நடக்குதுங்க. சபர்ல நாங்க எதுவும் புதுசா தொடங்குறதில்ல. ஒடுக்கத்துப் பொதன் கழியட்டும். அடுத்த நாள் வியாழக்கிழமை நொத்தேர்கிட்ட வந்து கையெழுத்துப் போட்டுடுவாங்க எங்க மச்சான்." கணவரைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

மொகரத்துக்கு அடுத்து வருகிற சபர் மாதத்தின் கடைசிப் புதன்தான் ஒடுக்கத்துப் புதன். அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த மாதத்துப் பீடை எல்லாம் அன்றோடு போகட்டும் என்று மாவிலையில் ஓதி எழுதி, அதைத் தண்ணீரில் கரைத்துத் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். பிறகு சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போவார்கள். என் வகுப்பில் அன்று பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும். ஆகையால் அன்றைக்குப் புதுக் கணக்கு எதுவும் ஆரம்பிக்கமாட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதற்காகத்தான் வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன். எந்தப் புதனுக்கு வகுத்தலைத் தள்ளிவைப்பது என்று பார்க்க. போன வருஷம் எந்தத் தேதியில் வந்தது என்று பழைய பதிவேட்டையும் எடுத்தேன். போன வருஷம் நவம்பர் தொடக்கத்தில், அதற்கு முந்தைய வருஷம் நவம்பர் நடுவில். பிறைக் கணக்கு மாதம், வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருந்தது. அப்படியே பக்கத்தைப் புரட்டினால், ஆடிப்பெருக்கன்று இந்துப் பிள்ளைகள் இல்லை. சாம்பல் புதனன்று எங்கள் பிள்ளைகள் இல்லை. மொகரம் பத்தாம் நாள் மறுபடி அந்தப் பெஞ்சுகள் காலி. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

சபரில் மரைக்காயர் வீடு வாங்கமாட்டார். அதற்கு முந்தைய மாதம் மொகரம், அதிலும் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள். ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை ஆடி. ஆடியில் எந்த இந்துக் குடும்பம் பால் காய்ச்சிக் குடிபோகும்? செப்டம்பர் பாதியிலிருந்து புரட்டாசி, அதுவும் ஆகாது. அது முடிந்தால் தீபாவளி கழியட்டும் என்பார்கள். எங்கள் வேதக்காரர்களோ அந்த வருஷம் விற்க அலைந்தார்களே தவிர, வாங்க யாரும் கிளம்பவில்லை. ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆனாலும் ஆடியில் வீடு மாறாத வேதக்காரர்கள் எத்தனை பேர் என்று எனக்கே தெரியும். இப்படி ஒருவர் நிறுத்திய இடத்தில் அடுத்தவர் தொடங்கி, அந்த நாலு மாதத்தில் ஊரில் வீடு வாங்குகிற நாள் குறைந்து குறைந்து வந்திருந்தது. இதைத்தான் என் கணவர் பென்சிலைச் சீவிச் சீவி ஊர் அழியப்போகிறது என்று வரைந்து வைத்திருந்தார்.

அவர் சைகோனில் வளர்ந்தவர், தெரியாது. எனக்கு என்ன கேடு? நான் அந்தத் தெருவிலேயே பிறந்தவள். ஆடி எப்போது, சபர் எப்போது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுவரில் பிரெஞ்சு மாதம் போட்டு ஒரு கோடு வரைந்துவிட்டால் எனக்கும் புத்தி அந்தக் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. கணக்கு டீச்சராம்! அன்று வகுப்பில் ஒரு குழந்தையையும் நான் திட்டவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதி கேட்டதுமே கையை ஆட்டினார்.

"பஞ்சாங்கத்தைப் பார்த்தா சந்தை நடக்குது? நாலு மாசத்துக் கோடு சுவத்துல இருக்கு."

"உங்க காலண்டர்ல ஆடி இருக்கா? சபர் இருக்கா? எந்தப் புனிதருக்கு என்னைக்குத் திருநாள்னுதானே இருக்கு? அது உங்களுக்கு வேணா பிரான்ஸு காலண்டர், இந்த ஊர்ல வீடு வாங்குறவன் அதையா பார்க்கிறான்?"

"உனக்கு விக்க மனசில்லை. அதான் இப்படி ஒண்ணு கண்டுபிடிச்சே."

"ஆமா, மனசில்லை" என்றேன். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். "மனசில்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்க ஆபீஸ் அலமாரியில பழைய பட்டியல் எல்லாம் இருக்குல்ல? பத்து வருஷத்தை எடுத்துப் பாருங்க. என் பேச்சு பொய்யின்னா வியாழக்கிழமை நானே முதல்ல கையெழுத்துப் போடுறேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அவரிடம் ஒரு குணம், தன்னைப் பொய் சொல்கிறவன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார். தன் பட்டியலைச் சொன்னால் பொறுக்கமாட்டார். இரண்டு நாள் அலுவலகத்திலேயே மத்தியானச் சாப்பாட்டை வரவழைத்துச் சாப்பிட்டார். ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை, கைகால் கழுவாமல் அப்படியே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். விரல் எல்லாம் பழைய காகிதத்துத் தூசி.

"எல்லா வருஷமும் ஆடியில பள்ளம் இருக்கு" என்றார். "புரட்டாசியிலயும் மார்கழியிலயும் இருக்கு. இன்னொரு பள்ளம் இருக்கு பாரு, அது ஒரு இடத்துல நிக்கலை. வருஷா வருஷம் முன்னால நகர்ந்து நகர்ந்து வருது. இந்த வருஷம் அது வந்து புரட்டாசியோட ஒட்டிக்கிச்சு." சொல்லும்போது அவர் முகத்தில் கவலையைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அந்த நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

"அப்ப விக்க வேண்டாம்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "வாக்குக் கொடுத்துட்டேனே. கைகுலுக்கிட்டேன். அந்த ஜவுளிக் கடைக்காரர் என்னைப் பத்தி என்ன நினைப்பாரு? விலை குறைச்சுச் சொல்லிட்டோம்னு பின்வாங்குறான்னுதானே நினைப்பாரு? அவர் முகத்துல நான் முழிக்க முடியாது."

"கைகுலுக்கினது நீங்க. வீடு என்னுது."

"நீயே போய்ச் சொல்லு அப்ப" என்றார். அவர் கோபத்தில் சொன்னார். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே கல்யாணப் பேச்சுச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் சிரிப்பதும் கேட்டது. அவளுக்காகத்தானே வீடு? இனி ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

புதன்கிழமை பள்ளியில் அரை வகுப்புதான். மதியத்துக்கு மேல் தலைவலி என்று மதரிடம் பொய் சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். அரசலாறு கடலில் சேருகிற பக்கமெல்லாம் ஜனங்கள். ஈரத் தலையோடு பிள்ளைகள் ஓடினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள், கடற்கரைக்கே பதிவேட்டைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த அம்மாள் ஒரு பாயில் உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளும் மற்றப் பெண்களும் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சரம்மாவா? வாங்க வாங்க, ஒக்காருங்க."

நான் உட்காரவில்லை. எப்படி ஆரம்பிப்பது, எதை முதலில் சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, நான் அந்த வீட்டை விக்கமாட்டேன்" என்றேன்.

சொன்னதும்தான் அழுகை வந்தது. அத்தனை நாள் வராதது, அத்தனை பேர் நடுவில். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்கார வைத்தார்.

"அந்தப் படத்தை மாட்டியாச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. வீடு உங்களுதா எங்களுதான்னு தெரியாம எப்படி மாட்டுறது?"

"இதுக்குத்தான் நான் நாள் கேட்டேன்" என்றார். "சபர்ல நாங்க பத்திரம் எழுதுறதில்லைங்கறது நெசந்தான். ஆனா சபர் இல்லேன்னாலும் வேற ஒரு சாக்குச் சொல்லித்தான் இருப்பேன். எங்க மச்சானுக்கு வெல கம்மின்னு சந்தோசம். நான் அன்னைக்கு ராவே சொல்லிட்டேன். அந்தப் பொம்பளை எனக்குத் தண்ணி இறைச்சுக் குடுத்துட்டு, கடைசி வரைக்கும் கயிறைக் கையிலேருந்து விடவே இல்ல. அது அவ வாப்பா அவளுக்குக் குடுத்த வூடு. என் மவளுக்கு வூடு குடுக்கறதுக்கு இன்னொருத்தர் மவளோட வூட்டைத்தான் எடுக்கணுமா? அப்படி எடுத்தா அதுல பரக்கத் இருக்குமா, வூடு விளங்குமா, சொல்லுங்க? நீங்களா வந்து வாயைத் திறக்கட்டும்னு பார்த்தேன். இன்னைக்கும் வரலேன்னா நாளைக்கு நானே ஆள் அனுப்பியிருப்பேன்."

"எங்க வீட்ல வாக்குக் கொடுத்துட்டாங்களே அக்கா. உங்க மச்சான் என்ன நினைப்பாங்க?"

"ஆம்பளைங்க கைகுலுக்குனதை ஆம்பளைங்களே பார்த்துக்குவாங்க. வூட்டை நான் வேணாம்னுட்டேன், புகை போக்கு சரியில்லைன்னு சொல்லிடுறேன். போதுமா? இந்தாங்க, சாப்புடுங்க. முகத்தைக் கழுவிட்டுச் சாப்புடுங்க."

நான் கடல் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு அவருடைய சோற்றைச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. திரும்பி வரும்போது கால் தரையில் பாவவில்லை. இரண்டு வாரமாக நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்துவிட்ட மாதிரி இருந்தது. நேரே கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மதரிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்பும் அதிலேயே சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் என் கணவர் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்தை எடுத்து அதே ஆணியில் மாட்டினார். வெளுத்த சதுரம் முழுக்க மறைந்தது. இறங்கி வந்து, "நேரா இருக்கா?" என்றார். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் இருந்தது. நேராக இருக்கிறது என்றேன்.

அடுத்த வாரம் கொடி மாறியது. ஊர் அப்படியே இருந்தது. பத்திரங்கள் செல்லாமல் போகவில்லை. அவருக்கு வேலையும் போகவில்லை, அலுவலகப் பலகையில் எழுத்து மட்டும் பிறகு மாறியது. நவம்பர் மாதப் பட்டியல் எழுத அவருக்கு இரண்டு தாள் தேவைப்பட்டது. சபர் கழிந்த மரைக்காயர்களும், தீபாவளி கழிந்த செட்டியார்களும், நெடுங்காட்டில் நிலம் வைத்துக்கொண்டு டவுனில் வீடு தேடியவர்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். கட்டத்துக்குள் இடமில்லாமல் கோடுகள் டிசம்பருக்குள் நுழைந்தன. மார்கழி பிறந்ததும் குறைந்தன. "மார்கழி" என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் பேப்பர் படித்தார். பிறகு கடைத்தெருவில் யாராவது அவரை நிறுத்திக் கேட்டால், தன் சைகோன் தமிழில், "புரட்டாசி போகட்டும்ங்க, சபரும் இருக்கு பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். பிறவியிலேயே காரைக்கால்காரர் மாதிரி!

அந்த அம்மாளின் மகளுக்கு எங்கள் தெருக் கோடியிலேயே வேறு ஒரு வீடு அமைந்தது. விலை எங்கள் வீட்டுக்குப் பேசியதைவிட நிறைய அதிகம். அந்தக் குடும்பம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீடு பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். நான் போனதும் கிணற்றடிக்குத்தான் போனேன். ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன், உப்பு. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் ஒரே இடத்துல கிடைக்குமாம்மா?" என்றார்.

கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து தினம் காலையில் அந்த வீட்டிலிருந்து இரண்டு குடம் எங்கள் கிணற்றுக்கு வந்தது. நாங்கள் அந்த வீட்டில் இருந்த வரைக்கும் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆடியிலும் வந்தது, சபரிலும் வந்தது. என்னை இறைக்க விடமாட்டார். என் கணவர்தான் அலுவலகம் கிளம்புவதற்கு முன்னால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறைத்து ஊற்றுவார்.